சீட்டுக்கு அடியில் ஒரு வட்டம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்து போகவில்லை. ஒரு முறை அந்தப் பெயரைக் கெடுத்தவன் நான். இன்னொரு முறை அதை எடுத்துப் புழங்க எனக்கு மனசு வரவில்லை. தாராவியில் எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள். தாராவியில் பாய்மாருக்குப் பஞ்சமா என்ன? ஆனால் அறுபதுகளில் பம்பாயில் பழைய கார் வாங்கி விற்கிறவர்கள் நடுவில், "பாய்கிட்டக் காட்டியாச்சா?" என்று யாராவது கேட்டால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

அவர் மெக்கானிக் இல்லை. இஞ்சினைப் பற்றி எதையாவது கேட்டால், "அது எனக்குத் தெரியாது தம்பி, அதுக்கு வேற ஆளு இருக்கு" என்று கையை விரித்துவிடுவார். காருக்கு சீட் தைப்பதும் கான்வாஸ் கூரை தைப்பதும்தான் அவர் தொழில். மாஹிம் பக்கத்தில் தோல் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே காலால் மிதிக்கிற பெரிய தையல் மெஷின், வாசலில் இரண்டு வண்டி நிற்க இடம். திறந்த காருக்குக் கூரை தைக்க ஊரிலேயே அவர் கைதான் நல்ல கை. அதனால் நகரத்தில் இருந்த சின்னச் சின்ன ரெண்டு சீட்டு வண்டிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சேற்றுச் சந்துக்குள் வந்து போயின. மலபார் ஹில் வண்டியானாலும் சரி, மழைக்கு முன்னால் தாராவி வந்துதான் ஆக வேண்டும்.

சட்டைப் பையில் எப்போதும் தையல்காரர்கள் வைத்திருக்கும் தட்டைச் சாக்பீஸ் இருக்கும். துணியில் கோடு போட வாங்கியதுதான். ஆனால் அவர் துணியில் போட்ட கோட்டைவிட மற்ற இடங்களில் போட்ட வட்டம்தான் அதிகம். எங்கே குறை கண்டாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுவார். கீறல் விட்ட டீ கிளாஸில் வட்டம். செல் அரித்த கொட்டகைத் தூணில் வட்டம். அவருடைய மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க மேலப்பாளையம் போனபோது, அவர்கள் உட்காரச் சொன்ன கட்டிலின் கால் உளுத்திருந்ததைப் பார்த்துப் பேச்சுவாக்கில் அதிலும் ஒரு வட்டம் போட்டுவிட்டாராம். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். இவர், "கட்டிலைத்தான் சொன்னேன், மாப்பிள்ளையைச் சொல்லல" என்றாராம். கல்யாணம் நடந்தது. இதை அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

என்னை முதல் முதலாகப் பார்த்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, அந்த இடது கால் ஷூவைக் கழட்டுங்க" என்றார். கழற்றிக் கொடுத்தேன். குதியில் ஆணி வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "முக்குல செருப்புத் தைக்கிறவர் இருக்காரு, தட்டிட்டு வாங்க, பொறவு பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவன், டை கட்டிக்கொண்டு போனவன். ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக அந்தச் சந்தில் நொண்டிக்கொண்டு நடந்தேன்.

கார் விஷயத்தில் அவர் வழக்கம் இதுதான். சீட் தைக்க வேண்டுமானால் சீட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வண்டியின் அடிவயிறு தெரியும். துருவோ, ஒட்டோ, தார் பூசி மறைத்த ஓட்டையோ கண்ணில் பட்டால் வட்டம் போடுவார். சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு சீட்டை மாட்டிவிடுவார். வட்டத்தை யாரும் அழிக்கக் கூடாது. குறையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால் அவரே கட்டை விரலால் துடைத்து அழிப்பார். "போட்டவந்தான் அழிக்கணும்" என்பது அவர் சட்டம். இது புரோக்கர்களுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். பழைய ரெண்டு சீட்டு வண்டி விலைக்கு வந்தால் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். ஓரத்தில் அவருடைய சிவப்பு நூல் தையல் இருக்கும். அடுத்து சீட்டைத் தூக்குவார்கள். தையல் இருந்து வட்டம் இல்லாவிட்டால் வண்டி சுத்தம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. ஒரு காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. ஊதினால் போகிற சாக்பீஸ் பொடியை நம்பி வியாபாரம் நடந்தது.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் என் ஆசை. எங்கள் கம்பெனித் துரை சனிக்கிழமை மத்தியானம் ஒரு திறந்த வண்டியில் ஏறிக் கடலோரமாகப் போவதை ஆறு வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான். மாட்டுங்காவிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரை ரயிலில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது போல ஒன்று வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, பித்துப் பிடித்தது. புது வண்டிக்கெல்லாம் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டிய காலம். வெளிநாட்டு வண்டி புதிதாக வராது. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிற வெள்ளைக்காரர்கள் விட்டுச் செல்வதுதான் கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. என் சேமிப்புக்கு அதில் மூன்றாம் கை, நாலாம் கைதான் எட்டும்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் காபி டம்ளரை நங்கென்று வைத்தாள். "ரெண்டு பேர் மட்டும் உக்காந்துண்டு போறதுக்குப் பேர் காராடா? அப்பாவும் நானும் உன்னோட கோவிலுக்கு எப்படி வருவோம், ஒருத்தர் மடியில ஒருத்தரா?" என்றாள். அப்பா பேப்பரை மடிக்காமலே, "மேலே கூரையும் கிடையாதாம்" என்று எடுத்துக் கொடுத்தார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்கு அப்பா அம்மாவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் என்னோடு வண்டி பார்க்க வந்தார். ஒரு டீயைத் தவிர வேறெதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். கொலாபாவில் ஒரு வெள்ளை வண்டி. கப்பலேறப் போகிற துரை ஒருவருடையது. பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பாய் கதவைத் திறந்து, மண்டி போட்டு, தரைக் கம்பளத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "கடலைக் குடிச்ச வண்டி தம்பி" என்றார். கம்பளத்தைத் தூக்கினார். ஏழு வட்டம். துரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கூசியது.

அடுத்து காட்கோபரில் ஒரு சேட்டு வீட்டுக் கொல்லை. தார்ப்பாயைத் தூக்கினால் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். பாய் பிடித்து நிறுத்தினார். "கோழி ஈரத்துல அடைகாக்காது. அடி நல்லாத்தான் இருக்கும்." அப்படியேதான் இருந்தது, ஒரே ஒரு வட்டம். ஆனால் இஞ்சின் அசையவே இல்லை. அதற்கு வேறு ஆளைக் கூட்டி வந்தேன். அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டான்.

மூன்றாவதாக தாதரில் ஒரு பார்ஸி அம்மாள் வைத்திருந்த வண்டி. புருஷன் போன பிறகும் வாரா வாரம் துடைத்து வைத்திருந்தாள். பாய் சீட்டைத் தூக்கினார், கம்பளத்தைத் தூக்கினார், கத்தரிக்கோல் பிடியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சாக்பீஸை எடுக்கவே இல்லை. வெளியே வந்து, "இதை வாங்கிருங்க" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த வண்டி சாணி நிறம். மூக்கு மொண்ணை. மேட்டில் முனகிக்கொண்டு ஏறும். கம்பெனித் துரையின் வண்டியோடு அதை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றேன் பாய்" என்றேன்.

"நிறத்துக்காவ யோசிக்கீங்களா? பெயின்ட்டை எப்ப வேணாலும் பூசிக்கிடலாம். இரும்பைப் பூச முடியாதுல்லா."

நான் வாங்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஆபரா ஹவுஸ் பக்கம் ஒரு புரோக்கர் செம்பருத்திச் சிவப்பில் ஒன்றைக் காட்டினான். நீண்ட மூக்கு, கம்பி வைத்த சக்கரம், முன்னால் தோல் வார் போட்டுக் கட்டிய இஞ்சின் மூடி. விலையும் என் கைக்குள் இருந்தது. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் வட்டம் போட்டுவிடுவாரோ என்று பயம். பயந்தேன் என்றால் என்ன அர்த்தம்? எனக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அவரிடம் சொல்லாமல் வாங்கிவிட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் ஒர்லி கடற்கரை ஓரமாக உப்புக் காற்று முகத்தில் அறைய ஆபீஸ் போனேன். சிக்னலில் நிற்கும்போது பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவே, "சரி, கொண்டு விடு" என்று இடது சீட்டில் ஏறிக் கோவிலுக்கு வந்தாள். தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா, மெதுவாடா" என்று சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஜூனில் முதல் மழைக்கே கூரை கிழிந்து மடியில் தண்ணீர் கொட்டியது. வேறு வழியில்லாமல் தாராவிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஏன் சொல்லாமல் வாங்கினீர்கள் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்ல நிறம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கூரை தைக்க மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் சீட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இடது சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்து ஸ்பிரிங் வந்து மாட்டுகிற இடத்தில், கத்தரிக்கோல் முனையால் கீறினார். தார் உரிந்தது. தாருக்கு அடியில் பிஸ்கட் டப்பாத் தகரம். தகரத்தை நெம்பினால் உள்ளே இரும்பு வெற்றிலைச் சருகு போல அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. அவர் சட்டைப் பையைத் தடவினார். அந்த வாரம் கொட்டகை ஒழுகி வெள்ளைச் சாக்பீஸ் பெட்டி முழுவதும் நனைந்து கூழாகிவிட்டிருந்தது. வெள்ளைத் துணியில் கோடு போட வைத்திருந்த நீலச் சாக்பீஸை எடுத்து வந்து ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டார். இரண்டு வட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு போட்டா ஏறாதீங்கன்னு அர்த்தம். இதை வெட்டி எறிஞ்சிட்டுப் புது இரும்பு வச்சு ஒட்டணும். அது வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு ஆளையும் ஏத்தப்படாது தம்பி. மேட்டுல இறக்கத்துல போனா சக்கரம் கழண்டுரும்."

அம்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அது.

ஒட்டுகிற ஆளிடம் காட்டினேன். உடம்பைத் தனியாகத் தூக்கி, அடிச்சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றான். அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு வண்டி வாங்கலாம். என்னிடம் அது இல்லை. விற்றுவிடலாம் என்று பார்த்தால், வெளியூரிலிருந்து வாங்க வந்த இரண்டு பேரும் சீட்டைத் தூக்கினார்கள். இரண்டு வட்டத்தைப் பார்த்தார்கள். "அரே பாப்ரே" என்று சொல்லிவிட்டு மரியாதையாக மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு பாய் ஊருக்குப் போனார். ஒரு மாதம் கொட்டகைக்குப் பூட்டு. அவர் போய் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து கட்டடமே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே இறங்கி வந்து சீட்டைக் கழற்றினேன். கைக்குட்டையை மண்ணெண்ணெயில் நனைத்து வட்டத்தைத் துடைத்தேன். தகரத்தை அமுக்கி மூடி, மேலே புதுத் தார் தடவினேன். கால் மணி நேர வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லிச் சிரிக்கிறோம். செய்து பார்த்தால் அது ஒன்றும் கஷ்டமே இல்லை. மாலை காபி கொடுக்கும்போது அம்மா, "விரல்ல என்னடா நீலம்?" என்றாள். "ஆபீஸ் இங்க்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வாங்க வந்தவர் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர், நம் ஊர்க்காரர். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கூரையின் ஓரத்தைப் புரட்டிச் சிவப்பு நூலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாய் பார்த்த வண்டியா சார்?"

"அவர்தான் கூரை தைச்சார். எல்லாத்தையும் பார்த்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

சீட்டைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். வட்டம் இல்லை. "அப்புறம் என்ன" என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அந்தப் பெண் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, "காத்துல தலை கலைஞ்சிடும் போல இருக்கே" என்று சிரித்தாள். வண்டி தெரு முனையில் திரும்பும் வரை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு நிறுத்த எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

அக்டோபரில் லோனாவாலாவுக்குப் போகும் வழியில், மலையேறுகிற இடத்தில் இடது பின்சக்கரம் கழன்று வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. என்ஜினீயருக்குச் சிராய்ப்புதான். அந்தப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு. பல மாதம் படுக்கையில் இருந்தாள். பிற்பாடு ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பூ வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு தலையசைத்தாள். நான் கறிவேப்பிலைக் கட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

என்ஜினீயர் என் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்களும் ஏமாந்திருக்கீங்க சார்" என்று என்னிடமே சொன்னார். கோபமெல்லாம் பாய் மேல்தான். அண்ணன் தம்பிகளோடு போய், அந்த இற்றுப்போன இரும்பைக் கொட்டகை வாசலில் வீசி, கூடியிருந்தவர்கள் முன்னால் கேட்டிருக்கிறார்கள். புரோக்கர்கள் இரண்டு பேர்கூட அப்போது அங்கே இருந்தார்களாம். பாய் அந்த இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அம்மா மாடியிலிருந்து, "மேல வாங்கோ" என்று கூப்பிட்டாள். "இருக்கட்டும்மா, தம்பிகிட்ட ஒரு வார்த்தைதான்" என்று காம்பவுண்டிலேயே நின்றுகொண்டார். நான் இறங்கிப் போனேன். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நீங்க கூடவே நின்னீங்கள்ல. அன்னைக்கு உங்க வண்டியில நான் வட்டம் போட்டேனா? போட்ட மாதிரிதான் எனக்குத் தோணுது. உங்ககிட்டச் சொன்ன மாதிரியும் இருக்கு. ஆனா அவுக இல்லங்காங்க. அவ்வளவு பேரும் இல்லங்காங்க."

அழித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பே அவருக்கு வரவில்லை. வந்திருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், நான் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பேன். அவரோ தன்னை நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சரியா ஞாபகம் இல்லையே பாய்" என்றேன்.

"அப்ப போட்டிருக்க மாட்டேன், சொல்லியும் இருக்க மாட்டேன்" என்றார். "கல்யாண யோசனையில இருந்தேன். கண்ணு பாத்தும் கை மறந்திருக்கு. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு இடுப்பு போச்சே தம்பி."

குற்ற உணர்ச்சி மனிதனை எப்படி எப்படியெல்லாம் நல்லவன் வேஷம் போட வைக்கிறது பாருங்கள். மறு வாரம் நானே அவரைக் கிங்ஸ் சர்க்கிளில் எனக்குத் தெரிந்த கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் கோளாறு என்று சொல்லிவிட்டால் பாவத்தில் பாதி குறைந்துவிடும் என்று ஒரு கணக்கு. டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இந்த வயசுக்கு உங்க கண் அபூர்வம்" என்று முதுகில் தட்டினார். வெளியே வந்ததும் பாய் நடைபாதையில் நின்றார். "கண்ணு நல்லாருக்குன்னா, அப்ப புத்திதான்" என்றார். டிராம் போன தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் யாருடைய வண்டியிலும் வட்டம் போடவில்லை. சாக்பீஸ் துணியோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாராவது கூப்பிட்டால், "என்னைய நம்பாதீங்க, வேற ஆளைப் பாருங்க" என்பார். அது மட்டுமென்றால் பரவாயில்லை. தைத்து முடித்த சீட்டை மாட்டிவிட்டு, திரும்பக் கழற்றிப் பார்ப்பார். மாட்டுவார். பத்தடி போய்விட்டு மறுபடி வந்து தூக்கிப் பார்ப்பார். கொட்டகையைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். டீ குடித்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிச்சிட்டேனா?" என்று கேட்டதை நானே பார்த்தேன். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டோ ஐம்பத்து மூன்றோதான்.

ஒன்றரை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு கார் வாங்கவில்லை, ரயிலுக்கே திரும்பிவிட்டேன். வேலையில்லாமலே வாரம் ஒரு முறை தாராவிக்குப் போய் அவர் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். என்ன பாசம் பார் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு மழை நாளில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் ஒரு டாக்ஸி சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

"பாய், அன்னைக்கு என் வண்டியில நீங்க வட்டம் போட்டீங்க. நான்தான் அழிச்சேன்."

மெஷின் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அந்தக் கண்ணில் இல்லாதது ஒன்று திரும்பி வந்தது. முதலில் அது சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அதற்கு அடியில் இன்னொன்றும் மெல்ல ஏறி வருவதைப் பார்த்தேன். என்னை யார் என்று அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"நான் போட்டேனா? நெசமாவா?" என்றார். "அப்பிடின்னா என்ன கலர்ல போட்டேன், சொல்லுங்க தம்பி."

எனக்குத் தெரியும். நகக்கண்ணில் மூன்று நாள் இருந்த நிறம். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அவருடைய புத்தி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அந்தப் பெண்ணின் இடுப்பு என் கணக்குக்கு வரும். இந்த மனிதர் இனிமேல் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டார். அவ்வளவையும் அந்த ஒரு கணத்தில் எண்ணிப் பார்க்க எனக்கு முடிந்தது.

"வெள்ளை" என்றேன்.

அவர் கண்ணில் வந்தது எல்லாம் வந்த வழியே போயிற்று. மெதுவாகச் சிரித்தார்.

"அந்த வாரம் கடையில வெள்ளையே கிடையாது தம்பி. அத்தனையும் மழையில கரைஞ்சு போச்சு. நீலந்தான் இருந்துச்சு." துணியை நேராக்கி ஊசிக்கு அடியில் வைத்தார். "எனக்கு ஆறுதலுக்காவப் பழியை உங்க தலையில போட்டுக்கிடுதீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? இருங்க, டீ சொல்லுதேன்."

டீ வந்தது. நான் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த நிம்மதியைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் உறையைத் தைத்து முடித்து, டாக்ஸியில் சீட்டை மாட்டினார். பத்தடி நடந்தார். நின்றார். திரும்பிப் போய் மழையில் நனைந்துகொண்டே சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.